மாரீஸ்வரி அக்கா கதவு பார்த்த திங்கட்கிழமை

எங்கள் பவுடர் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் யார் செத்தாலும் ஷிப்ட் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு மணிக்கு நான் டோக்கனை நீட்டியபோது, வாட்ச்மேன் கருப்பசாமி போனைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், நம்ம போர்மேன் அக்கா போயிருச்சு. காலையிலயே எடுத்துட்டாகளாம்."

"என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"தலையில நரம்பு வெடிச்சிருச்சாம். மூணு நாளா மதுரையில கெடந்திருக்கு. நமக்குத்தான் ஒருத்தரும் சொல்லல."

யார் சொல்வார்கள்? ஒன்பது மாதமாக நாம் யாராவது ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோமா? எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்களில் ஒருவர் "ஐயோ பாவம்" என்றார். இன்னொருவர், "பாவமா? மூணு நாளு மில்லைச் சொரண்ட விட்டாளே, அந்தப் பவுடரு இன்னும் என் நெஞ்சுல கட்டியா நிக்கி" என்றார். இருவரும் போனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

பதினாறாம் நாளுக்கு அவர் படம் போட்டு ஒரு தாள் அச்சடித்து எல்லாருக்கும் கொடுப்பதாகப் பேச்சு. சிவகாசியில் அச்சடிக்க ஆளுக்கா பஞ்சம்? எழுதத்தான் ஆள் இல்லை. பேக்கிங்கில் இருக்கிற பேச்சியம்மாள் என்னிடம் வந்து, "நாலு நல்ல வார்த்தையா எழுதிக் குடுங்க சார். எனக்குன்னா வாயில வர மாட்டேங்குது" என்றார். எனக்கும் வராது. நான் கன்ட்ரோல் எஞ்சினீயர். நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரியும். அதைத்தான் எழுதியிருக்கிறேன். பொறுமை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

மாரீஸ்வரி அக்கா நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்ல மாட்டீர்கள். வாய் அப்படி. கை அதற்கு மேல். ஷெட்டுகளில் எதிரெதிராக இரண்டு கதவுகள் இருக்கின்றன அல்லவா, அந்த வாசல்களில் ஒரு செருப்புக்கூடக் கிடக்கக் கூடாது. பேச்சியம்மாள் மூன்றாம் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூக்குவாளியை வாசல் ஓரமாக வைத்திருந்தார். அக்கா வந்தார், பார்த்தார், காலால் ஒரு எத்து. வாளி உருண்டு வெளியே போய்ச் சோறு மண்ணில் கொட்டியது. "ஐயோ அக்கா, சோறு!" என்று பேச்சியம்மாள் அலறினார். "செத்தவளுக்கு எதுக்குடி சோறு?" என்றார் அக்கா. பிறகு தன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுத்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். கொடுக்கவில்லை. பேச்சியம்மாள் அன்று பட்டினி.

அதே பேச்சியம்மாளை மில்லை விட்டுத் தூக்கியதும் அவர்தான். திடீரென்று ஒரு கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, "ஓடுங்கடி!" என்று கத்துவார். உள்ளே இருக்கிற பெண்கள் எல்லாரும் மறு கதவு வழியாக வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். பேச்சியம்மாளுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். அப்படிச் செய்த மூன்று தடவையும் அவர்தான் கடைசி. "ஏட்டி, நெருப்பு ஒனக்காக நின்னு நிதானிச்சு வராது. நாளையிலருந்து பேக்கிங்குக்குப் போயிரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பேச்சியம்மாள் அழுதார். பேக்கிங்கில் கூலி குறைவு. அக்கா அழுகையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டார்.

இப்படிச் செய்வதற்கு அவர் வைத்த பேர் 'கதவு பாக்குறது'. இங்கே வருவதற்கு முன் நாரணாபுரம் பக்கம் பட்டாசு ரூமில் பல வருடம் இருந்தவர். அங்கேயும் எதிரெதிராக இரண்டு கதவுகள்தான், சட்டமே அதுதான். ஒருநாள் டீ குடிக்கும்போது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "ரெண்டு கதவு இருந்துச்சு. ஒரு கதவுல அட்டைப்பெட்டி அடுக்கியிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். யார் செத்தது என்று கேட்டேன். "எதுக்கு? பேரு எழுதி லிஸ்ட் போடப் போறீகளா?" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மீதி புரியாது.

மில்லில் அரைத்த அலுமினியப் பவுடர் காற்றோடு கலந்தால் ஒரு பொறியில் வெடித்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால்தான் ஐந்து ஷெட்டும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு பேனல், பேனலுக்குள் கேபிள் வந்து சேருகிற ஒரு சின்னப் பெட்டி. கன்ட்ரோல் ரூமிலிருந்து கேபிள் ஒன்றாம் ஷெட்டுக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று போய், ஐந்திலிருந்து திரும்பவும் கன்ட்ரோல் ரூமுக்கே வருகிறது. வட்டம். இதைத்தான் ரிங் என்கிறோம். எங்காவது ஓர் இடத்தில் அறுந்தால், செய்தி மறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. மில் ஓடும், திரையில் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டாவதாகவும் ஓர் இடத்தில் அறுந்தால்தான், இரண்டு வெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஷெட்டுகள் தனித்துப்போகும். அப்போது மில் தானாக நின்றுவிடும். அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன்.

இந்த ரிங்கை நான் போட்டு முடித்த அன்றைக்கு அக்கா கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். நான் சொன்னதையெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி தம்பி. வயரு அறுந்தா மில்லு நிக்கும். சைரனு?"

கன்ட்ரோல் ரூமில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் ஐந்து ஷெட்டிலும் சைரன் ஊத வேண்டும். அந்தச் செய்தியும் இதே கேபிளில்தான் போகிறது. சைரனுக்குத் தனியாக வயர் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. "ரிங் இருக்குல்ல அக்கா, ரெண்டு வழி இருக்கு" என்றேன்.

"ரெண்டு வழி இருக்குன்னா ஒண்ணை அடைச்சுக் காட்டுங்க."

"டெஸ்ட் பண்ணியாச்சு."

"யாரு பாத்தா?"

"நான்தான் பார்த்தேன்."

"நீங்க பாத்தது உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே அங்கிருந்த பேனலைத் திறந்து, பவுடர் படிந்த கையால் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டார். மில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் திரைக்கு ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை. திரை அப்படியே இருந்தது, கன்ட்ரோல் ரூம் பேனலுக்குள் இருக்கிற தலைமைப் பெட்டியில், ரிங் அறுந்ததைக் காட்டுகிற ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பொத்தானை அமுக்கச் சொன்னார். ஐந்து ஷெட்டிலும் சைரன் ஊதியது. "வேலை செய்யுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கேபிளைப் பிடுங்குனா மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. எஞ்சினீயருக்குத்தான் வெளுத்துப் போச்சு" என்றார். ஆபரேட்டர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை காலை டீக்குப் பிறகு ஏதாவது ஒரு ஷெட்டில் ஏதாவது ஒரு கேபிளைப் பிடுங்குவார். சொல்லிவிட்டுச் செய்யமாட்டார். "சொல்லிக்கிட்டா வரும் நெருப்பு?" என்பார். ரிங் என்றால் என்ன, செய்தி எப்படிச் சுற்றுகிறது என்பதெல்லாம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. "பச்சை லைட்டு எரியுதுன்னா பச்சை லைட்டு எரியுது. அதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லல" என்பது அவர் வாக்கு. நாலு வருடம் படித்துவிட்டு வந்தவனுக்கு இதைக் கேட்க எரிச்சலாக இருக்குமா, இருக்காதா? மேனேஜரிடம் மூன்று முறை புகார் சொன்னேன். நாலாவது முறை சீசன் நேரம், தீபாவளிக்கு முந்திய கடைசி லோடுகள் போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "சீசன் முடியுற வரைக்கும் பேனலைத் தொடாதீக" என்று சொல்லிவிட்டார். அந்தத் தடையை வாங்கியது நான்.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

பூஜையன்று எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போக வேண்டும். கருப்பசாமி கடப்பாரையும் கையுமாக வந்து, "வாழைமரம் நட நாலாம் ஷெட்டு வாசல்ல குழி போடணும் சார். இங்கன போடலாமா, அங்கன போடலாமா?" என்று கேட்டார். எனக்கு நிதானமில்லை. "எங்கயாவது போடுங்க, சீக்கிரம்" என்றேன். அவர் போட்டார். மூன்றாம் ஷெட்டிலிருந்து நாலாம் ஷெட்டுக்கு வரும் கேபிள் அந்த இடத்தில்தான் மண்ணுக்குள் ஓடுகிறது. வரைபடம் என் மேசையில் இருந்தது. கருப்பசாமியைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் கேட்டுவிட்டுத்தான் குத்தினார்.

கேபிள் அறுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ரிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. செய்தி மறு பக்கமாகச் சுற்றிக்கொண்டது. தலைமைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். ஆனால் அதற்குள் நான் சந்தனக் கிண்ணத்தோடு பேனல் பேனலாக ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெட்டிக்கும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு சந்தனம், அதன்மேல் குங்குமம். தலைமைப் பெட்டியில் நான் வைத்த பொட்டு அந்தச் சிவப்பு விளக்கின் மேலேயே அப்பிக் காய்ந்துவிட்டது. ரிங் அறுந்தால் திரையில் எச்சரிக்கை வருகிற மாதிரி செய்திருக்க வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அந்தப் பிறகு வரவில்லை.

பத்து நாள் அப்படியே ஓடியது. ஒரே ஒரு வழியில். ஐந்து ஷெட்டிலும் மில் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஓர் இடத்தில் எலி கடித்திருந்தால்கூடப் போதும், நான் பொத்தானை அமுக்கினாலும் சில ஷெட்டுகளில் சைரன் ஊதாது. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பத்து நாளும் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்.

பதினோராவது நாள் திங்கட்கிழமை. தடை இருந்தும் அக்கா டீ குடித்துவிட்டு நேராக ஒன்றாம் ஷெட்டு பேனலைத் திறந்து, கன்ட்ரோல் ரூமிலிருந்து வருகிற கேபிளைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று ஷெட்டில் மில்கள் அடுத்தடுத்து நின்றன. கொஞ்ச நேரத்தில் அவர் கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. "பொத்தானை அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். நாலாம் ஷெட்டிலும் ஐந்தாம் ஷெட்டிலும் மட்டும் ஊதியது. மூன்று ஷெட்டில் சத்தமே இல்லை.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பேனலைத் திறந்து, தலைமைப் பெட்டியின் மேலிருந்த பொட்டைக் கட்டைவிரலால் சுரண்டினேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா என் விரலையும் விளக்கையும் பார்த்தார். ஆபரேட்டர் இன்டர்காமில் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "சாமி கும்பிட்டீகளாக்கும்."

சாயங்காலம் முதலாளி வந்தார். நாரணாபுரத்துக்குப் போக வேண்டிய கடைசி லோடு போகவில்லை. பாதியில் நின்ற மில்லுக்குள் பவுடர் படிந்து கிடந்தது. அவர் அறையில் நாங்கள் நாலு பேர்: முதலாளி, மேனேஜர், அக்கா, நான்.

"ஏம்மா, ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குப் பிடுங்குனே?" என்றார் முதலாளி.

"ஓடுதான்னு பாக்கத்தான் அண்ணாச்சி."

"ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு!" என்று மேனேஜர் சிரித்தார்.

"ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு. இந்தம்மா பிடுங்காம இருந்திருந்தா மில்லு நின்னிருக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. அவருக்குக் கெஞ்சத் தெரியாது. திங்கட்கிழமை கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"நின்றிருக்காது சார்" என்றேன்.

அது உண்மை. அதற்கு அடுத்து நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது: ரிங் பத்து நாளாக அறுந்து கிடந்தது, அது என் தப்பு. அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. முதலாளியும் அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளையிலருந்து வர வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாள் வாழைமரத்தைப் பிடுங்கிப் பார்த்துக் கேபிளை ஒட்டினேன். பதிவேட்டில் 'கேபிள் பழுது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருடைய பழுது என்று எழுதுவதற்கு அதில் கட்டம் இல்லை.

முதலாளி வர வேண்டாம் என்று சொன்ன அன்று சாயங்காலமே அவர் கேட்டில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்வதற்காகப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரே பேசினார்.

"நீங்க பொய் சொல்லல தம்பி. அம்புட்டுத்தான் உங்க படிப்பு."

"அக்கா, பொட்டைப் பத்தி நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா நம்புவாகளா? பிடுங்குனவ தப்பிக்கப் பேசுறான்னு சொல்லுவாக. நீங்க சொன்னா நம்புவாக. அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்." போனைச் சேலை முந்தானையில் துடைத்தார். "நடுவுல கெடக்குற மூணாம் ஷெட்டுக்காவது சைரனுக்குத் தனி வயரு இழுங்க. நல்லா இருப்பீக."

அதற்கடுத்த மூன்று நாளும் நீங்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மரக்கரண்டியால் மில்லைச் சுரண்டினீர்கள். சுரண்டச் சுரண்ட அவரைத் திட்டினீர்கள். சாபம்கூட விட்டீர்கள், நான் கன்ட்ரோல் ரூம் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'பிளான்டை நிறுத்துனவ' என்று அவருக்குப் பேர் வைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தத் திட்டு எனக்கு வசதியாக இருந்தது. அவர் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சாத்தூர் பஸ்ஸில் நம்மில் ஒருத்தி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அதோடு அவர் அந்த பஸ்ஸில் வருவதை விட்டுவிட்டாராம்.

செய்தி வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், நகக்கண்ணில் மை இருந்தது. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். "நீங்கதான் அந்த கம்ப்யூட்டர் எஞ்சினீயரா? உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

செத்த மனைவியின் வார்த்தையை மாற்ற வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே சொன்னார். "கெட்டிக்காரருன்னு சொன்னா. பயந்தாங்கொள்ளின்னும் சொன்னா. தப்பா எடுத்துக்கிறாதீக. அவ எல்லாரையும் அப்படித்தான் பேசுவா."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அவரிடமும் அன்று மிச்சத்தைச் சொல்லவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி குடித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தாளின் முதல் படியை நேற்றே முதலாளிக்குக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் வாசித்துவிட்டு, "செத்துப் போனவளுக்கு இது இப்ப எதுக்குய்யா?" என்றார். இரண்டாம் படி அவர் கணவருக்குப் போகிறது. மீதி உங்களுக்கு. மூன்றாம் ஷெட்டுச் சைரனுக்குத் தனி வயர் இன்னும் இழுக்கவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறேன், சீசன் முடியட்டும் என்கிறார்கள். அதையும் நீங்கள் தெரிந்துகொண்டே உள்ளே உட்காருங்கள்.

அவர் படமோ, வேறு பொருளோ என்னிடம் ஒன்றும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று அவர் எனக்கு வைத்த பேர் மட்டும் இருக்கிறது. அது எனக்குப் பொருத்தமான பேர், நானே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அவருக்கு வைத்தீர்களே ஒரு பேர், பிளான்டை நிறுத்துனவ என்று, அது அவருடையது இல்லை. அதையும் என்னிடமே கொடுத்துவிடுங்கள்.